வெளிச்சம் நன்றாக விழும் பாடவேளை

எங்கள் பள்ளி நூலகத்தில் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது. காலையில் இரண்டாவது பாடவேளையில் அதன் வழியாக ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், எந்தப் பிள்ளையை அங்கே உட்காரவைத்தாலும் முகம் பளிச்சென்று இருக்கும். விளக்கு வேண்டாம், பவுடர் வேண்டாம். மூன்றாவது பாடவேளை வந்துவிட்டால் வெயில் மேலே ஏறி ஜன்னலை விட்டு விலகிவிடும், பிள்ளைகள் முகத்தில் நிழல் விழ ஆரம்பித்துவிடும். அதனால் எங்கள் பள்ளியின் வீடியோக்கள் எல்லாமே இரண்டாவது பாடவேளையில் எடுத்தவை. அந்த நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நான் இந்தப் பள்ளியின் மக்கள் தொடர்பு அதிகாரி. பெயரைக் கேட்டு மலைத்துவிடாதீர்கள். பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்புவது, அது வராதபோது நிருபர்களுக்கு போன் போட்டுக் கெஞ்சுவது, பள்ளியின் முகநூல் பக்கத்தில் நாள் தவறாமல் எதையாவது போடுவது, ‘எல்லார் பிள்ளையும் தெரியுது, என் பிள்ளை மட்டும் தூணுக்குப் பின்னாடி நிக்குது’ என்று சண்டைக்கு வரும் பெற்றோரைச் சமாதானம் செய்வது, வாசல் கரும்பலகையில் அன்றன்றைய அறிவிப்பை அழகான கையெழுத்தில் எழுதுவது, எல்லாம் என் தலையில்தான். விளம்பர வாசகங்களும் நான் எழுதுபவைதான். ‘ஐந்தாம் வகுப்பு வரை தேர்வு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பயம் இல்லை’ என்று பள்ளிப் பேருந்தின் முதுகில் போகிறதே, அது என் கைவண்ணம். அதைப் பார்த்துவிட்டுச் சேர்க்கைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். முதலில் சேர்ந்தது என் மகள்.

அவள் நான்காம் வகுப்பு. வீட்டில் அவளை அவள் அப்பா ‘ரேடியோ’ என்று கூப்பிடுவார். எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டு அத்தை போனில் போட்ட சண்டையை, ஏற்ற இறக்கம் மாறாமல், அந்த அத்தைக்கே ஒப்பித்துக் காட்டி எங்கள் மானத்தை வாங்கியவள். மற்றப் பிள்ளைகள் கேமராவைக் கண்டால் விறைத்துப்போவார்கள். இவள் அதைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பது போலச் சிரிப்பாள். அதனால் ‘ஒரு நிமிடம், ஒரு புத்தகம்’ என்ற வீடியோத் தொடரை நான் தொடங்கியபோது, அவள் இருக்கும்போது எனக்கு வேறு ஆள் தேடவேண்டிய தேவை இருக்கவில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பிள்ளை புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்காரும். நான் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பேன். நான் ஒரு வரி சொல்வேன், பிள்ளை அதைச் சொல்லும். தப்பாக வந்தால் இன்னொரு தடவை. குனிந்து புத்தகத்தைப் பார், நிமிர்ந்து சொல், மறுபடி குனி. பிறகு எங்களுக்கு வீடியோ எடுத்துத் தரும் கேமரா அண்ணன் என் குரலையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, பிள்ளையின் குரலை மட்டும் ஒட்டிவிடுவார். பார்ப்பவர்கள் பிள்ளை தங்குதடையில்லாமல் படிக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக நான் நினைத்ததில்லை. பெரியவர்களுக்கே கேமரா முன்னால் வார்த்தை வராது, பிள்ளைகளுக்கு எடுத்துக்கொடுத்தால் என்ன என்றுதான் நினைத்தேன்.

வழி தவறிப்போன நாய்க்குட்டி ஒன்று வீடு திரும்பும் கதையைப் பற்றிய வீடியோதான் ஓடியது. ஓடியது என்றால் அப்படி ஓடியது. அதன் கடைசியில், “எனக்கு யாரும் இல்லன்னு தோணும்போது நான் ஒரு பக்கம் படிப்பேன், அப்புறம் எனக்கு நிறைய பேர் இருக்காங்க” என்று என் மகள் கண் கலங்கச் சொல்வாள். பேருந்தில் நின்றுகொண்டே போனில் நான் தட்டிய வரி அது. ஊரே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பள்ளி அலுவலகத்தில் போன் ஓயவில்லை. ஒரு தொலைக்காட்சியிலிருந்து, சேர்க்கை தொடங்கும் திங்கட்கிழமையன்றே, காலை நிகழ்ச்சியில் பள்ளி நூலகத்திலிருந்து நேரலையாக என் மகளைப் படிக்கவைக்கலாமா என்று கேட்டார்கள். நான் துள்ளிக் குதிக்காத குறை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, இடம் பார்த்து ஒலி சரிபார்க்க நிருபர் வந்தார். எப்போதும் அவசரத்தில் இருக்கும் மனிதர். வாசலிலேயே என் மகளின் சட்டைக் காலரில் மைக்கைக் குத்திவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலிக்கருவிப் பெட்டிக்குள் தலையை விட்டபடி, “பாப்பா, அந்த போர்டுல இருக்கறத சத்தமா படி, சவுண்டு பாக்கணும்” என்றார்.

என் மகள் கரும்பலகையைப் பார்த்தாள். நிமிர்ந்து நின்று, மணி அடித்தது போல, “மழையின் காரணமாக இன்று விளையாட்டு வகுப்பு கிடையாது, மாணவர்கள் வகுப்பறையிலேயே இருக்கவும்” என்றாள்.

“சூப்பர் பாப்பா. கிளியரா இருக்கு” என்றார் நிருபர், தலையைத் தூக்காமலே.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மழை வந்தது முந்தின நாள். அவள் சொன்னது வகுப்பில் படித்துக் காட்டிய நேற்றைய அறிவிப்பு. காலையில் வந்ததும் அதை அழித்துவிட்டு, ‘தொலைக்காட்சிக் குழுவினரை அன்புடன் வரவேற்கிறோம்’ என்று கலர் சாக்பீஸில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தவள் நான்தான். அந்தப் பலகைக்கும் அவளுக்கும் நடுவில் நான்கைந்து அடி இடைவெளிதான் இருந்தது.

நிருபரை கேமரா அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். யாரும் இல்லை. அலமாரியிலிருந்து கைக்கு வந்த ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து அவள் முன்னால் வைத்தேன்.

“படி.”

அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். “சொல்லும்மா.”

“நான் சொல்ல மாட்டேன். நீயா படி.”

அவள் பக்கத்தைப் பார்த்தாள். படத்தில் ஒரு ஆமை இருந்தது. “ஒரு ஊர்ல ஒரு ஆமை இருந்துச்சு. அதுக்கு ரொம்ப தாகமா இருந்துச்சு...” என்று குரலை இழுத்து, பாவனையோடு ஆரம்பித்தாள். பக்கத்தில் தாகம் என்ற சொல்லே இல்லை. நான் ஒரு வரியில் விரலை வைத்து, “இது என்ன?” என்றேன். அவள் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

“எழுத்தெல்லாம் தெரியும்மா. தனித்தனியா கேளு, சொல்றேன். எல்லாம் சேர்ந்து நின்னாத்தான் வரமாட்டேங்குது.”

“இத்தன நாளா ஏன்டி எங்கிட்ட சொல்லல?” கத்திவிட்டேன். நூலகத்தில் கத்தக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியதும் நான்தான்.

அவள் பயப்படவில்லை. உண்மையிலேயே புரியாதவளாகக் கேட்டாள். “நீ கேக்கவே இல்லியேம்மா. எப்பவும் நீயே சொல்லிக் குடுத்துடற.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அதைக் கொண்டுபோய் வகுப்பு மிஸ் மேல் கொட்டலாம் என்று கிளம்பினேன். மெலிந்த பெண், சத்தமாகப் பேசாதவர், இரண்டாம் வகுப்பிலிருந்து இந்தப் பிள்ளைகளோடு கூடவே ஏறி வருபவர். விளக்கப்படங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே பசை டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

“தெரிஞ்சுடுச்சா?” என்றார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மிஸ்? தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லல இல்ல?”

“சொல்ல விட்டீங்களா நீங்க? ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்துக்கும் உங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வெச்சேன். நீங்க வருவீங்க. உக்காருங்கன்னு சொல்வேன். ‘ஒரு நிமிஷம் மிஸ், இந்தப் பக்கம் பாருங்க, கொஞ்சம் சிரிங்க’ன்னு போட்டோ எடுத்துட்டு அடுத்த கிளாசுக்கு ஓடிடுவீங்க. எல்லா அப்பா அம்மாவும் உக்காந்து பேசிட்டுப் போயிருக்காங்க. உங்க நாற்காலி மட்டும் காலியாவே இருக்கும்.”

அந்தப் போட்டோக்கள் எனக்கு நன்றாக நினைவிருந்தன. ‘ஒவ்வொரு பெற்றோரின் குரலையும் கேட்கிறோம்’ என்று தலைப்புக் கொடுத்துப் போட்டேன். ஒன்றில் முன்னால் ஒரு காலி நாற்காலி உறுத்திக்கொண்டு தெரிந்தது. அதை ஓரத்தோடு வெட்டிவிட்டேன்.

“வீட்டுக்கு போன் பண்ணியிருக்கலாமே?”

“தாளாளர்கிட்ட சொன்னேன். அவரே உங்ககிட்ட பேசறேன்னார். பேசலையா?” அவர் கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க. இவங்க வகுப்புக்கு வாசிப்புப் பாடம் எப்ப தெரியுமா?”

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

“ரெண்டாவது பீரியட். ரெண்டு வருஷமா அதேதான். எழுத்துக் கூட்டி, மத்த பிள்ளைங்க தத்தித் தத்தி வாய்விட்டுப் படிச்சுப் பழகறப்பல்லாம், இவள ஷூட்டிங்னு கூப்பிட்டு அனுப்பிடுவீங்க. வெளிச்சம் போயிடும், சீக்கிரம் அனுப்புங்கன்னு ஆள் மேல ஆள் வரும்.”

கொண்டுபோன கோபம் என் கையிலேயே நின்றுவிட்டது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புத்தகம் படிப்பதைப் பற்றிய வீடியோவுக்காக, புத்தகம் படிக்கக் கற்றுக்கொடுக்கும் நேரத்திலிருந்து என் பிள்ளையை நானே வெளியே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதையும் நல்ல வெளிச்சத்தில்.

நேரே தாளாளர் அறைக்குப் போனேன். எங்கள் தாளாளர் யாரையும் அதட்ட மாட்டார். பெண் ஊழியர்கள் எல்லோரும் அவருக்குத் தங்கச்சிகள். அந்தத் தங்கச்சியைச் சொல்லிச் சொல்லியே ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்கிவிடுவார்.

“நேரலை வேண்டாம் சார். என் பொண்ணுக்குப் படிக்கத் தெரியல.”

“உக்காருங்க தங்கச்சி. தண்ணி குடிங்க. மிஸ் சொன்னாங்க. அட்மிஷன் முடியட்டும், நிதானமா பாத்துக்கலாம்னுதான் நான் விட்டு வெச்சேன்.”

“நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீங்க கலங்கிப் போயிடுவீங்க. கலங்கினா வேலை ஓடுமா? தங்கச்சி பொண்ணு எனக்கு மருமக. அவள நான் விட்டுடுவேனா?” சிரித்தார். “இப்ப என்ன, ஒரு பக்கம் படிக்கணும், அவ்வளவுதானே? எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்னு நிருபர்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க. அத அவளுக்கு வாய்ப்பாடமா ஏத்திடுங்க. அவ மூளைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? சானல்காரங்ககிட்ட இப்பப் போய் இல்லேன்னா, ஏன்னு தோண்டுவாங்க. அப்ப யாரு பேரு கெடும்? பள்ளிக்கூடத்தோடதா, குழந்தையோடதா? யோசிங்க.”

மறுத்துச் சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. வாய்தான் என் பிழைப்பே. ஆனால் அந்த வாயிலிருந்து “சரி சார்” என்றுதான் வந்தது. படிக்கத் தெரியாத பிள்ளை என்று ஊர் அவளைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது, எப்படியாவது திங்கட்கிழமை கடந்துவிட்டால் போதும் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

நிருபர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லிடுங்க மேடம். லைவ்ல சொதப்பாம இருந்தா எனக்குப் போதும்.”

வீட்டில் சண்டை நடந்தது. என் கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பொறுமையாகப் பேசிப் பேசிப் பழகியவர். அன்றைக்கு அந்தப் பொறுமை அவருக்கு என்னிடம் வரவில்லை.

“நீ அங்கேயேதானே வேலை பாக்கற? பொண்ணுக்குப் படிக்க வரலன்னு தெரியாதா உனக்கு?”

“தினமும் படுக்கும்போது கதை படிச்சுக் காட்டறது நீங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “‘நீ படிப்பா, உன் குரல்லதான் நல்லாருக்கு’ன்னு சொல்வா. நானும் உச்சி குளிர்ந்துபோய்ப் படிச்சுட்டு இருந்தேன். ரேடியோ ரேடியோன்னு வேற கொஞ்சினேன்.” பிறகு, “திங்கக்கிழமை அவள அனுப்பாத. காய்ச்சல்னு சொல்லிடு” என்றார்.

“காய்ச்சல்னா புதன்கிழமை வருவாங்க. இவங்கள எனக்குத் தெரியும். நானே அப்படித்தான் செய்வேன்.”

சனியும் ஞாயிறும் அவளை உட்காரவைத்து ஒரு பக்கத்தை ஏற்றினேன். நாய்க்குட்டிக் கதையில் நடுப்பக்கம். நான் சொன்னேன், அவள் சொன்னாள். எங்கே குனியவேண்டும், எங்கே விரலை நகர்த்தவேண்டும், எந்தச் சொல்லில் பக்கத்தைப் புரட்டவேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு ஒரே கொண்டாட்டம். அம்மா போனைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுசாக இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் கொண்டாட்டமாக இருக்காது? “இன்னொரு தடவ சொல்லும்மா” என்று தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு அழுகையாக வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன்.

திங்கட்கிழமை, இரண்டாவது பாடவேளை. ஜன்னல் என்னை ஏமாற்றவில்லை, வெளிச்சம் கொட்டியது. பின்னணிக்கு நான்கு பிள்ளைகளைப் புத்தகத்தோடு உட்காரவைத்தேன். தாளாளர் புதுச் சட்டையில் அலமாரியோரம் நின்றார். கேமராவுக்குப் பக்கத்தில் வழக்கமான என் இடத்தில் நான் நின்றேன். என் மகள் நாய்க்குட்டிக் கதையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

நிருபர் பேச ஆரம்பித்தார். ஊரையே அழவைத்த குட்டி வாசகி என்றார். தாளாளர் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு நிருபர் காதிலிருந்த கருவியை விரலால் அழுத்திக்கொண்டு, ஸ்டூடியோவிலிருந்து யாரோ சொல்வதைக் கேட்டார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததுமே ஏதோ மாறப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“பாப்பா, ஸ்டூடியோல அக்கா ஒரு ஆசை சொல்றாங்க. இந்தக் கதைதான் எல்லாரும் கேட்டுட்டமே. உன் பின்னாடி இவ்வளவு பெரிய அலமாரி இருக்கு. உனக்குப் புடிச்சதா ஒண்ணு நீயே எடுத்து, எங்களுக்குப் படிச்சுக் காட்டறியா?”

நான் கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன். அவர் கண் கேமராவில் இருந்தது. என் மகள் எழுந்தாள். அலமாரியில் தேடி, அட்டையில் யானை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தாள். உட்கார்ந்தாள். தலைமுடியைச் சரிசெய்தாள். விரித்தாள். குனிந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் சொல்லப்போகும் வரிக்காகக் காத்திருந்தாள். அவள் முகத்தில் ஒரு துளிக்கூடப் பயம் இல்லை. அம்மா அங்கேதான் நிற்கிறாள், எப்போதும் போலச் சொல்வாள் என்ற நிச்சயம் மட்டும்தான் இருந்தது. எனக்கு அவள் கையிலிருந்த புத்தகத்தின் முதுகும் அட்டையில் இருந்த யானையும் மட்டும்தான் தெரிந்தன. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

“படி பாப்பா” என்றார் நிருபர்.

“அம்மா சொல்லட்டும்” என்றாள் அவள். “சொல்லும்மா, நான் சொல்றேன்.”

பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒன்று களுக்கென்று சிரித்தது. அப்போதுதான் என் மகளின் முகம் மாறியது. எங்கேயோ தப்பு நடந்துவிட்டது, அது தன்னால்தான் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. புத்தகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தாள். ஒரு எழுத்தைச் சொன்னாள். இன்னொரு எழுத்தைச் சொன்னாள். இரண்டும் சேரவில்லை. உதடு பிதுங்கியது.

இத்தனை நாளில் நான் ஒருமுறைகூடக் கேமராவுக்கு முன்னால் போனதில்லை. அன்றைக்குப் போனேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, புத்தகத்தை மூடி, அவள் தலையை என் தோளோடு சேர்த்துக்கொண்டேன்.

“இவளுக்கு இன்னும் படிக்க வராது. வீடியோல நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னா. தப்பு என்னோடது. கேமராவ நிறுத்துங்க.”

நிறுத்துவாரா? அவர் இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். மைக்கை என் வாயருகே நீட்டினார். “மேடம், நீங்கதானே இந்தப் பள்ளியோட மக்கள் தொடர்பு அதிகாரி?”

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். தூக்கும் வயதெல்லாம் தாண்டிவிட்டாள், கால் என் முழங்காலில் இடித்தது. என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “நான் கெடுத்துட்டனாம்மா?” என்று கேட்டாள். இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். வகுப்பு மிஸ் வராந்தாவில் ஓடி வந்து அவளை வாங்கிக்கொண்டார்.

மதியத்துக்குள் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். திட்டியவர்கள் என்னைத் திட்டினார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த கடுகடுப்பு இல்லை. போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொதல்ல எனக்கு எரிச்சல்தான் தங்கச்சி, மறைக்கல. ஆனா இதப் பாருங்க, எத்தன பேர் அழறாங்க. ‘எங்க பிள்ளையும் இப்படித்தான், என்ன செய்யறது’ன்னு எத்தன அம்மாங்க கேக்கறாங்க. காசு குடுத்தாலும் இப்படி ஒரு கதை கிடைக்குமா?” நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “வாரம் ஒரு வீடியோ. பாப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கறா. தடுமாறறா. நம்ம பள்ளி அவள கைவிடல. வருஷக் கடைசியில ஒரு முழுப் புத்தகம் படிக்கறா. அன்னிக்கு அதே நிருபரக் கூப்பிடறோம். அதே நூலகம், அதே ஜன்னல்.”

“அதே நேரமா சார்?”

“பின்ன? ரெண்டாவது பீரியட்லதானே வெளிச்சம் நல்லா இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க.”

“அது அவ வகுப்புல வாசிப்புப் பாடம் நடக்கற நேரம் சார்.”

“இருக்கட்டும், அதனால என்ன?” என்றார். உண்மையாகவே அவருக்கு அதில் என்ன தவறு என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கும் தெரியாதுதான்.

“அந்த நேரத்துல அவ வகுப்புல இருப்பா. வேற எந்த நேரத்துலயும் கேமரா முன்னாடி வர மாட்டா.”

தாளாளர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். “பணியாளர் பிள்ளைன்னுதான் தங்கச்சி அவளுக்கு இங்க இடம். நீங்க பணியில இருக்கற வரைக்கும். நிதானமா யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க” என்றார், அதே இனிப்பான குரலில்.

பள்ளியின் சமூக வலைதளக் கணக்குகள் எல்லாம் இருந்த அலுவலக போனை அவர் மேசை மேல் வைத்தேன். “நாளைக்கு எதுக்கு சார்” என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவளை அடுத்து எந்தப் பள்ளியில் சேர்ப்பது, ஊரே பார்த்துச் சிரித்த பிள்ளையை யார் எப்படி நடத்துவார்கள், எதுவும் எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

போகும்போது வகுப்பு மிஸ் முதல் வகுப்பு வாசிப்புப் புத்தகம் ஒன்றை என் பையில் வைத்தார். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வரி இருக்கும் புத்தகம். “பொறுமையா” என்றார். “எடுத்துக் குடுக்காதீங்க. அதுதான் உங்களுக்குக் கஷ்டம்.”

அன்று மாலை வீட்டில் அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். கண் இன்னும் வீங்கியிருந்தது. புத்தகத்தைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நாற்காலியை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, என் தோளுக்கு மேலே எதையோ தேடிப் பார்த்தாள்.

“கேமரா எங்கம்மா?”

“கேமரா இல்ல. நாம ரெண்டு பேருந்தான்.”

அவள் அதை நம்பவில்லை. நானும் அவளும் ஒரு புத்தகத்தோடு எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் கேமரா இல்லாமல் அவளுக்குப் பழக்கமே கிடையாது. கொஞ்ச நேரம் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு விரலை முதல் எழுத்தின் மேல் வைத்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், என்னைப் பார்த்தாள். சொல் என் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

“அம்மா.”

“ம்.”

“தப்பா வந்துச்சுன்னா வெட்டிடுவ இல்ல?”

“வெட்ட மாட்டேன்டா. தப்பாவே இருக்கட்டும்” என்றேன்.

அவள் விரல் அந்த முதல் எழுத்தை விட்டு நகரவே இல்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன்.